முதல் வேலைக்கு அப்பால்: அமெரிக்கக் கணினி அறிவியல் முனைவர்களின் பாதைகள்

1965 ஜூன் 7 அன்று அமெரிக்காவின் இரண்டு பல்கலைக்கழகங்கள் கணினி ஆய்வுக்காக முனைவர் பட்டம் வழங்கின. செயின்ட் லூயிஸிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அதைப் பெற்றவர் இர்விங் டாங். விஸ்கான்சினில் பெற்றவர் மேரி கென்னத் கெல்லர் என்ற கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி. கெல்லர் அயோவா மாநிலத்தின் டூபூக் நகரிலிருந்த கிளார்க் என்ற சிறிய கல்லூரிக்குப் போனார். அங்கே கணினித் துறையைத் தொடங்கி 20 ஆண்டுகள் அதற்குத் தலைமை வகித்தார். அதே ஆண்டு டிசம்பரில் பென்சில்வேனியாவில் பட்டம் பெற்ற ரிச்சர்ட் வெக்ஸல்பிளாட் தொழில்துறைப் பக்கம் போனார். நிரல்மொழிகளின் வரலாறு பற்றி 1981இல் வந்த பெருந்தொகுப்பைப் பதிப்பித்தபோது அவர் ஸ்பெரி யூனிவாக் நிறுவனத்தில் இருந்தார்.

துறை பிறந்த வருடத்திலேயே பாதை இரண்டாகப் பிரிந்துவிட்டது. கணினி அறிவியலில் உயர் பட்டம் பெற்றவர்கள் எங்கே போகிறார்கள், எங்கே போனால் யாருக்கு நல்லது என்ற கேள்வி அன்றிலிருந்து ஓயவில்லை. பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அது ஓர் அபாய அறிவிப்பாகத் தலைகாட்டுகிறது. இந்தக் கட்டுரை அதற்குச் சொல்லப்பட்ட முக்கியமான பதில்களையும், அவை தோன்றிய சூழலையும், அவற்றின் பலவீனங்களையும் பரிசீலிக்கிறது. இந்தக் கேள்வியை ஒட்டிய கணக்கெடுப்பும் விவாதமும் நீண்டகாலமாகத் தொடர்ந்து நடந்துவரும் இடம் என்பதால் அமெரிக்காவோடு நிறுத்திக்கொள்கிறது.

கணக்கு எடுக்கும் விதம்

1974இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஓரின் டால்பி, முனைவர் பட்டம் தரும் வட அமெரிக்கக் கணினித் துறைகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பத் தொடங்கினார். இந்த ஆண்டு எத்தனை பேருக்குப் பட்டம் கொடுத்தீர்கள், அவர்கள் எங்கே சேர்ந்தார்கள், ஆசிரியர்களுக்கு என்ன சம்பளம் தருகிறீர்கள் என்பவை கேள்விகள். பின்னாளில் அந்தப் பொறுப்பு டேவிட் கிரீஸ் கைக்கு வந்தது. இன்று கணினி ஆராய்ச்சிச் சங்கம் அதை நடத்துகிறது. துறைத்தலைவர்கள் வேலைக்கு ஆள் எடுப்பதற்கு முன்பும், டீனிடம் சம்பள உயர்வு கேட்கப் போவதற்கு முன்பும் புரட்டிப் பார்க்கும் ஆவணம் அது. இந்த விவாதத்தில் அடிபடும் எண்களில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் அந்தக் கணக்கெடுப்பில் பதில் சொல்வது துறை அலுவலகம், பட்டம் பெற்றவர் அல்ல. கேள்வியும் ஒருமுறைதான் கேட்கப்படுகிறது, பட்டம் வாங்கிய கையோடு. ஐந்து ஆண்டு கழித்து அந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்று அது கேட்பதில்லை. தேசிய அறிவியல் அறக்கட்டளை 1957 முதல் பட்டம் பெறுவோரிடமே நேரடியாகக் கேட்கிறது. 1973 முதல் அவர்களில் ஒரு பகுதியினரை 76 வயதை எட்டும்வரை பின்தொடரும் இன்னொரு கணக்கெடுப்பையும் நடத்துகிறது. இது மேலான முறைதான். ஆனாலும் எல்லா அறிவியல் துறைகளுக்கும் பொதுவான மாதிரி என்பதால் கணினித் துறையின் உட்பிரிவுகள் அதில் மங்கலாகவே தெரியும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு. படிப்பைப் பாதியில் விட்டவர்கள் இரண்டிலும் இல்லை. மற்ற துறைகளில் இது சிறிய குறையாக இருக்கலாம். கணினித் துறையில் அப்படியல்ல. ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து, அதை முடிக்காமல் 1998இல் வெளியேறிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் அந்தத் துறையின் முனைவர் கணக்கில் வருவதில்லை.

விதைநெல் வாதம்

முதல் அபாயக் குரல் 1980களின் தொடக்கத்தில் எழுந்தது. அப்போது அமெரிக்கா முழுவதிலும் ஆண்டுக்குச் சுமார் 250 பேரே கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றனர். அவர்களுக்காகப் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் போட்டியிட்டன. நிறுவனங்களிடம் பணமும் நல்ல கருவிகளும் இருந்தன. பல்கலைக்கழகங்களிடம் இரண்டும் குறைவு. 1979இல் ஜெரோம் ஃபெல்ட்மனும் வில்லியம் சதர்லண்டும் எழுதிய அறிக்கை, கருவி வசதி இல்லாததால் சோதனை சார்ந்த கணினி ஆய்வு பல்கலைக்கழகங்களில் நலிந்துவருகிறது என்று எச்சரித்தது. 1980இல் யூட்டாவின் ஸ்னோபேர்டில் கூடிய துறைத்தலைவர்கள், நெருக்கடியில் இருக்கும் துறை என்றே தங்கள் துறையை வர்ணித்தனர். அமெரிக்கக் கணினியாளர் அமைப்பான ஏ.சி.எம்.மின் தலைவராக இருந்த பீட்டர் டென்னிங், 1981இல் உறுப்பினர்களுக்கு எழுதிய கடிதத்தின் தலைப்பிலேயே குற்றச்சாட்டை வைத்தார்: விதைக்க வேண்டியதைத் தின்றுகொண்டிருக்கிறோம். அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்களை இன்றைய தொழில்துறை விழுங்கிவிட்டால், நாளைக்கு அதே தொழில்துறைக்கு ஆள் எங்கிருந்து வரும்?

வாதம் எளிமையானது, அதன் பலமும் அதுதான். அரசு ஓரளவு செவிசாய்த்தது. துறைகளுக்குச் சோதனைக் கருவிகள் வாங்கத் தனித் திட்டம் வந்தது. 1984இல் இளம் ஆய்வாளர்களுக்கான குடியரசுத் தலைவர் விருது தொடங்கியது. அதற்கடுத்த சில ஆண்டுகளில் நடந்ததை டென்னிங் காலத்தவர்கள் எதிர்பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். 1990களின் தொடக்கத்துக்குள் ஆண்டுக்கு 1,000 பேருக்கு மேல் பட்டம் பெறத் தொடங்கினர். இத்தனை பேருக்கு வேலை எங்கே என்று கேட்கும் நிலை வந்தது. வளர்ச்சியும் நிதியும் எதிரெதிரே மோதப்போகின்றன என்று டேவிட் கிரீஸ் 1986இலேயே எச்சரித்திருந்தார். 1992இல் ஜூரிஸ் ஹார்ட்மானிஸ் தலைமையில் தயாரான தேசிய ஆராய்ச்சி மன்ற அறிக்கை, துறை தன் எல்லையை அகலப்படுத்தி மற்ற துறைகளின் சிக்கல்களுக்கும் கைகொடுக்க வேண்டும் என்றது. அதைத் துறைக்குள் பலர் ரசிக்கவில்லை.

விதைநெல் வாதம் 2010களில் புது வேகத்தோடு திரும்பியது. 2015இல் கார்னகி மெலனின் ரோபோ பொறியியல் மையத்திலிருந்து சுமார் 40 பேரை ஊபர் ஒரேயடியாக அழைத்துக்கொண்டது செய்தியானது. பொருளியலாளர்களான மைக்கேல் கோஃப்மனும் ஜாவோ ஜின்னும் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். 2004க்கும் 2018க்கும் இடையே செயற்கை நுண்ணறிவுப் பேராசிரியர்கள் நிறுவனங்களுக்குப் போன பல்கலைக்கழகங்களில், பின்னர் படித்து வெளியேறிய மாணவர்கள் அத்துறையில் புதுநிறுவனம் தொடங்குவது குறைந்திருந்தது என்பது அவர்கள் கண்டது. பாதிப்பு யாருக்கு, எந்த வழியில் என்று சுட்டிக்காட்டியதால் விதைநெல் வாதத்துக்கு இதுவரை கிடைத்த சான்றுகளில் இதையே வலுவானதாகச் சொல்லலாம். எனினும் இது பேராசிரியர்கள் வெளியேறுவதைப் பற்றியது. புதிதாகப் பட்டம் பெற்றவர்கள் நிறுவனத்துக்குப் போவது வேறு விஷயம். விவாதத்தில் இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

இந்த வாதம் மிகத் தெளிவாக மெய்ப்படும் இடம் ஆய்வகத்தைக் காட்டிலும் வகுப்பறைதான். கணினி ஆராய்ச்சிச் சங்கம் 2017இல் வெளியிட்ட அறிக்கைப்படி, முனைவர் பட்டம் தரும் துறைகளில் இளநிலைக் கணினி மாணவர்களின் சராசரி எண்ணிக்கை 2006க்குப் பின் மும்மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. ஆசிரியர் எண்ணிக்கை அந்த வேகத்தில் உயரவில்லை. பல துறைகள் ஆய்வுக் கடமை இல்லாத கற்பித்தல் பணியிடங்களை உருவாக்கி இடைவெளியை நிரப்பின. கெல்லர் தேர்ந்துகொண்டதைப் போன்ற ஒரு வாழ்க்கை, அரை நூற்றாண்டுக்குப் பிறகு தனிப் பதவிப் பெயரோடு திரும்பி வந்தது எனலாம். அந்தப் பணியிடங்களின் சம்பளமும் நிரந்தரமும் துறைக்குத் துறை வேறுபடுவதால், அதை உயர்வான பாதையென்றோ ஒதுக்குப்புறம் என்றோ பொதுவாகத் தீர்ப்பளிக்க முடியாது.

பஞ்சம், பெருக்கம், மறுபடியும் பஞ்சம்

இரண்டாவது தரப்பு இந்த எச்சரிக்கைகளையே சந்தேகிக்கிறது. பொறியாளர் சந்தை குறித்து ரிச்சர்ட் ஃப்ரீமன் 1976இல் எழுதிய ஆய்வு அதன் வேர்களில் ஒன்று. இன்றைய சம்பளத்தைப் பார்த்து மாணவர்கள் சேர்கிறார்கள், அவர்கள் வெளியே வரும்போது சந்தை மாறிவிடுகிறது, அதைப் பார்த்து அடுத்த அணி பின்வாங்குகிறது. முனைவர் பட்டம் ஐந்தாறு ஆண்டுப் படிப்பு என்பதால் இந்த ஊசலாட்டம் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். டாட்காம் காலத்தைக் கவனித்தால் அது தெரியும். 1990களின் பிற்பகுதியில் மாணவர்கள் பட்டத்தை விட்டுவிட்டு வேலைக்குப் பாய்ந்தனர். குமிழி உடைந்ததும் பலர் ஆய்வுப் படிப்பில் அடைக்கலம் தேடினர். அவர்கள் 2008, 2009இல் பட்டத்தோடு வெளியே வந்தபோது பொருளாதாரமே சரிந்திருந்தது. ஆய்வாளர்கள் சிதறிப்போகாமல் தடுக்க 2009இல் அவசரமாக ஓர் உதவித்தொகைத் திட்டம் கொண்டுவந்து, புதிய முனைவர்களைத் தற்காலிக ஆய்வுப் பணிகளில் அமர்த்தினர். 2020இல் பெருந்தொற்று வந்தபோது அதே திட்டம் மீண்டும் தூசி தட்டப்பட்டது.

மைக்கேல் டைட்டல்பாம் 2014இல் வெளியிட்ட நூலில், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கா இப்படி ஐந்து சுற்றுகளைக் கடந்திருக்கிறது என்கிறார்: எச்சரிக்கை, பெருக்கம், சரிவு. 1980களின் இறுதியில் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் பிறந்த ஒரு கணிப்பு, நாட்டில் 6,75,000 அறிவியல் பொறியியல் பட்டதாரிகள் குறையப்போகிறார்கள் என்றது. குறையவில்லை. 1992இல் நாடாளுமன்றக் குழு அதை விசாரிக்கும் அளவுக்கு விஷயம் போனது.

ஆள் பற்றாக்குறை என்ற சொல்லை யார், எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கும் பழக்கத்தை இந்தத் தரப்பு கற்றுத்தந்தது, அது பயனுள்ளது. இதன் பலவீனம், ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் போன்றதே என்று எடுத்துக்கொள்வது. ஊசல் இருபுறமும் ஆடும்போதே அது தொங்கும் இடம் நகர்ந்துவிட்டால், ஊசலாட்டத்தை மட்டும் கவனிப்பவர் நகர்வைத் தவறவிடுவார். தொழில்துறைக்குப் போவோரின் பங்கு அப்படித்தான் நகர்ந்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் வெளியிடும் செயற்கை நுண்ணறிவு ஆண்டறிக்கையின்படி, 2011இல் அத்துறையின் புதிய முனைவர்களில் 40.9 விழுக்காட்டினர் தொழில்துறைக்கும் 41.6 விழுக்காட்டினர் கல்வித்துறைக்கும் போயினர். 2022இல் அந்தப் பங்குகள் 70.7, 20.0. இடைப்பட்ட பத்தாண்டில் சந்தை ஏறியிறங்கியும் சாய்வு ஒரே திசையில்தான் இருந்தது.

சுழற்சி வாதம்

தொழில்துறையில் இருப்பவர்களும், துறையின் மூத்த பேராசிரியர்களில் பலரும் விரும்பிச் சொல்லும் பதில் மூன்றாவது. ஆய்வு கட்டுரைகள் வழியாகப் பரவுவதைக் காட்டிலும் ஆட்களின் தலைக்குள் இருந்துகொண்டு அதிகம் பயணம் செய்கிறது என்பது அது. ஒருவர் ஆய்வகத்தை விட்டு நிறுவனத்துக்குப் போவதால் அறிவு தொலைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது, சில வேளைகளில் திரும்பியும் வருகிறது.

இதற்குக் கார்னகி மெலனின் பேச்சுணர் ஆய்வுக்குழுவைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அதைக் கட்டியெழுப்பிய ராஜ் ரெட்டி ஆந்திரத்தின் காட்டூரில் பிறந்து, 1958இல் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றவர். ஆஸ்திரேலியாவில் முதுநிலை முடித்து, அங்கே ஐ.பி.எம்.மில் வேலை பார்த்துவிட்டு ஸ்டான்ஃபோர்ட் போனார். ஜான் மெக்கார்த்தியிடம் ஆய்வு செய்து 1966இல் முனைவரானார். அங்கேயே சில ஆண்டுகள் கற்பித்து, 1969இல் கார்னகி மெலனுக்கு மாறினார். 1994இல் எட்வர்ட் ஃபெய்கன்பாமோடு டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டார். அவருடைய பாதையிலேயே தொழில்துறை முன்னால் வந்து, கல்வித்துறை பின்னால் வந்திருப்பதைக் கவனிக்கலாம்.

ரெட்டியின் மாணவர்களான ஜேம்ஸ் பேக்கரும் ஜேனட் பேக்கரும் 1975இல் பட்டம் பெற்றுத் தொழில்துறை ஆய்வகங்களுக்குப் போனார்கள். 1982இல் டிராகன் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தைத் தாங்களே தொடங்கினார்கள். 1997இல் அது வெளியிட்ட மென்பொருள், வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தாமல் இயல்பாகப் பேசினால் எழுதிக்கொடுத்தது. 2000இல் பெல்ஜிய நிறுவனமொன்றுக்குக் கைமாறிய டிராகன், வாங்கிய நிறுவனம் கவிழ்ந்ததால் அதனோடு சேர்ந்து சிக்கியது. ஜேம்ஸ் பேக்கர் பின்னாளில் கார்னகி மெலனுக்கே பேராசிரியராகத் திரும்பினார். அதே குழுவில் 1988இல் பட்டம் பெற்ற கை-ஃபு லீ சிறிது காலம் அங்கே கற்பித்தார். 1990இல் ஆப்பிளுக்குப் போனார். 1998இல் பெய்ஜிங்கில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தை நிறுவினார். 2005இல் கூகுளின் சீனக் கிளைக்குத் தலைமையேற்று, 2009இல் முதலீட்டு நிறுவனம் தொடங்கினார். இவர்களில் யாருடைய முதல் வேலையைக் கேட்டாலும் அது அவருடைய வாழ்க்கையைப் பற்றி அதிகம் சொல்லியிருக்காது.

மூடப்பட்ட ஆய்வகங்களின் கதையும் சுழற்சி வாதத்துக்குத் துணை நிற்கிறது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1998இல் காம்பாக்குக்கு விற்கப்பட்டபோது, அதன் கலிபோர்னிய ஆய்வகங்களில் தேர்ந்த முனைவர்கள் நிறையப் பேர் இருந்தனர். சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1996இல் பட்டம் பெற்ற ஜெஃப் டீனும், எம்.ஐ.டி.யில் 1995இல் பட்டம் பெற்ற சஞ்சய் கெமாவத்தும் அவர்களில் அடங்குவர். 1999இல் இருவரும் கூகுளுக்குப் போனார்கள். அவர்கள் 2004இல் எழுதிய மேப்ரெடியூஸ் கட்டுரை பெருந்தரவைக் கையாளும் முறையை உலகெங்கும் மாற்றியது. பல்கலைக்கழகங்களும் அதைப் பாடத்தில் சேர்த்தன. ஆக, நிறுவனத்துக்குப் போன அறிவு வகுப்பறைக்குத் திரும்பியிருக்கிறது.

இன்னொரு இணை. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து 1986இல் பெர்க்லியில் முனைவரான பிரபாகர் ராகவன் ஐ.பி.எம்., வெரிட்டி, யாஹூ, கூகுள் என்று போனார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து 1988இல் அதே பெர்க்லியில் முனைவரான ராஜீவ் மோட்வானி, ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக 2009இல் மறையும்வரை இருந்தார். சமவாய்ப்பு நெறிமுறைகள் பற்றி இருவரும் சேர்ந்து 1995இல் எழுதிய பாடநூல் இன்றும் வகுப்புகளில் உண்டு. நிறுவனத்துக்காரர் பாடநூல் எழுதுகிறார், பேராசிரியர் கூகுளின் தொடக்க கால வழிகாட்டிகளில் ஒருவராகிறார். இவர்களைக் கல்வித்துறை, தொழில்துறை என்று இரண்டு பெட்டிகளில் போடுவது வசதிக்காக மட்டுமே.

இத்தனையும் உண்மை. ஆனால் இந்த வாதத்தைச் சொல்பவர்கள் எடுத்துவைக்கும் பெயர்களெல்லாம், மேலே நான் எடுத்துவைத்தவை உட்பட, வென்றவர்களின் பெயர்கள். பழைய மாணவர் மலர்களில் மூன்றாவது ஆட்குறைப்பில் வேலை இழந்தவரின் படம் வருவதில்லை. அறிவு திரும்பி வருகிறது என்பதும் நிறுவனங்கள் ஆய்வை வெளியிடும்வரை மட்டுமே செல்லும். 2023இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட ஜிபிடி-4 அறிக்கை, அந்த மாதிரியின் அளவையோ கட்டமைப்பையோ சொல்லவில்லை. 2014இல் மைக்ரோசாஃப்ட் தன் சிலிக்கான் பள்ளத்தாக்கு ஆய்வகத்தை மூடியபோது, கோட்பாட்டு ஆய்வாளர்கள் பலர் ஒரே நாளில் புது இடம் தேட வேண்டியிருந்தது. சுழற்சி நடக்கிறது, அதன் குழாயைத் திறப்பதும் மூடுவதும் வேறொருவர் கையில் இருக்கிறது.

படிநிலை

கல்வித்துறைக்குள் போகிறவர்களுக்கும் பாதை சமமாக விரிந்திருப்பதில்லை. ஆரன் கிளாசட், சாமுவேல் ஆர்பெஸ்மன், டேனியல் லாரிமோர் ஆகியோர் 2015இல் கணினி அறிவியல், வணிகவியல், வரலாறு ஆகிய துறைகளில் ஏறத்தாழ 19,000 பேராசிரியர்களின் பணியமர்த்தத்தை ஆராய்ந்தனர். கால்பங்குப் பல்கலைக்கழகங்களே 71 முதல் 86 விழுக்காடு பேராசிரியர்களை உருவாக்குகின்றன என்று கண்டனர். தாம் பட்டம் பெற்ற இடத்தைவிட மதிப்பில் உயர்ந்த பல்கலைக்கழகத்தில் வேலை பெற்றவர்கள் 9 முதல் 14 விழுக்காடுதான். எல்லாத் துறைகளையும் அள்ளிப் பார்த்த 2022ஆம் ஆண்டு ஆய்வும் ஏறக்குறைய இதையே உறுதிசெய்தது. அமெரிக்காவில் பட்டம் பெற்ற பேராசிரியர்களில் எட்டில் ஒருவர் ஐந்தே பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவர்.

தகுதிக்குத் தகுந்த பலன் என்று சிலர் இதை விளக்குவர். இருக்கலாம். ஆனால் நல்ல இடத்தில் வேலை கிடைப்பதே நல்ல ஆய்வுக்கான நேரத்தையும் மாணவர்களையும் பணத்தையும் தருகிறது என்பதால், தகுதியையும் இடத்தையும் பிரித்து அளப்பது கடினம். இந்த ஆய்வுகள் பேராசிரியரானவர்களை மட்டுமே பார்க்கின்றன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தரவரிசையில் கீழே இருக்கும் துறையின் முனைவருக்குத் தொழில்துறையில் கதவு எளிதாகத் திறக்கிறதா, அங்கும் அதே பெயர்கள்தான் எடுபடுகின்றனவா என்பதை அவை சொல்லமுடியாது.

விருப்பமா, விசாவா

மாணவர்கள் பல்கலைக்கழகத்தை விட்டுத் தள்ளப்படுகிறார்களா, தாங்களாகவே விலகுகிறார்களா? மைக்கேல் ரோச்சும் ஹென்றி சாவர்மனும் 39 ஆய்வுப் பல்கலைக்கழகங்களின் மாணவர்களை முனைவர் படிப்பின் தொடக்கத்திலும் பின்னரும் கேட்டறிந்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். கல்வித்துறை ஆய்வில் ஆர்வத்தோடு தொடங்கியவர்களில் ஒரு கணிசமான பகுதி, மொத்தத்தில் கால்பங்கு அளவுக்கு, அந்த ஆர்வத்தை இழந்திருந்தது. வேலை கிடைக்காது என்ற கணக்கைவிட, ஆய்வுப் பணியின் அன்றாடத்தை அருகிலிருந்து பார்த்ததும் தங்கள் திறமையைப் பற்றிய மதிப்பீடும் மனமாற்றத்தில் பங்காற்றின என்பது அவர்கள் வாதம். கணினி மாணவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தலாம். கோடை விடுமுறைப் பயிற்சிப் பணியிலேயே நெறியாளரின் வாழ்க்கையையும் நிறுவன ஆய்வாளரின் வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு உண்டு.

வெளிநாட்டு மாணவருக்கு விருப்பம் மட்டும் போதாது. அமெரிக்கக் கணினி முனைவர் படிப்புகளில் அவர்களே பெரும்பான்மை. படித்து முடித்தபின் வேலை அனுபவத்துக்குக் கிடைக்கும் 12 மாதங்களோடு 2008இல் 17 மாத நீட்டிப்பு சேர்ந்தது, 2016இல் அது 24 மாதமானது. அதன் பிறகு எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல். ஆண்டுக்கு 65,000 இடங்கள், அமெரிக்காவில் முதுநிலையோ அதற்கு மேலோ படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. பல்கலைக்கழகங்களுக்கு இந்த உச்சவரம்பு கிடையாது. பெரிய நிறுவனத்திடம் வழக்கறிஞர் படை இருக்கும். நடுவில் மாட்டுவது சிறிய நிறுவனம். ரோச்சும் ஜான் ஸ்கிரென்ட்னியும் 2019இல் காட்டியது இதைத்தான். புதுநிறுவனங்களில் வேலை பார்க்கும் ஆர்வம் வெளிநாட்டு முனைவர்களிடம் குறைவாக இல்லை, ஆனாலும் அங்கே போய்ச் சேர்பவர்கள் குறைவு. கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 விழுக்காடு என்ற வரம்பு இருப்பதால், இந்தியரின் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. ஒருவருடைய பாதையைத் தீர்மானித்தது அவருடைய நாட்டமா, அவருடைய கடவுச்சீட்டா என்று கேட்காமல் வரையப்படும் எந்த வரைபடமும் அரைகுறைதான்.

பெண்களின் பங்கு பற்றியும் இதே எச்சரிக்கை பொருந்தும். கணினி அறிவியலில் புதிதாக முனைவராவோரில் பெண்கள் நெடுங்காலமாக ஐந்தில் ஒருவர் என்ற அளவைச் சுற்றியே இருக்கின்றனர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1981இல் பட்டம் பெற்ற அனிதா போர்க், 1987இல் கணினி அமைப்புகள் துறைப் பெண்களுக்காக ஒரு மின்னஞ்சல் வலையத்தைத் தொடங்கியதற்குக் காரணம் இப்படிச் சிறுபான்மையாக இருப்பதன் தனிமை.

முதுநிலை என்ற பெரும்பான்மை

இதுவரை சொன்ன எல்லாத் தரப்புகளுக்கும் பொதுவான ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. கணினித் துறைகள் தரும் உயர் பட்டங்களில் மிகப் பெரும்பான்மை முதுநிலைப் பட்டங்கள். இந்தியாவிலிருந்து அமெரிக்கா போகும் மாணவர்களில் பலருக்கு மேற்படிப்பு என்றாலே எம்.எஸ்.தான். அவர்களைப் பற்றிய ஆய்வு முனைவர்களைப் பற்றியதோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். பல்கலைக்கழகத்துக்கு அவர்கள் கட்டணம் செலுத்துபவர்கள், முனைவர் மாணவரோ உதவித்தொகை பெறுபவர். யாரைப் பற்றி யோசிக்கிறோம் என்பதில் இந்த வேறுபாட்டுக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியவில்லை.

விதிவிலக்கான நல்ல ஆய்வு ஒன்று ஜியார்ஜியா டெக் பற்றியது. அந்தப் பல்கலைக்கழகம் 2014இல் முழுக்க இணையவழியில், 7,000 டாலருக்கும் குறைவான செலவில் கணினி முதுநிலைப் பட்டத்தைத் தொடங்கியது. ஜோஷுவா குட்மன், ஜூலியா மெல்கர்ஸ், அமண்டா பலாய்ஸ் ஆகியோர் அதன் விண்ணப்பதாரர்களை ஆராய்ந்தனர். நேரடி வகுப்புக்கு விண்ணப்பித்தவர் சராசரியாக 24 வயது இளைஞர், பெரும்பாலும் இந்தியர். இணைய வகுப்புக்கு விண்ணப்பித்தவர் 34 வயது அமெரிக்கர், ஏற்கெனவே வேலையில் இருப்பவர். முன்னவருக்கு அந்தப் பட்டம் நாட்டுக்குள் நுழையும் வாசல், பின்னவருக்குப் பணியில் ஒரு படி. இரண்டையும் ஒரே வேலைவாய்ப்பு விழுக்காட்டில் அடக்கினால் கிடைக்கும் எண்ணுக்கு அதிகப் பொருள் இல்லை.

முனைவர் ஆராய்ச்சிக்கு, முதுநிலை வேலைக்கு என்ற பழைய பிரிவினையும் தளர்ந்துவருகிறது. இன்றைய மொழி மாதிரிகளுக்கு அடிப்படையான 2017ஆம் ஆண்டு டிரான்ஸ்ஃபார்மர் கட்டுரையை எழுதிய எட்டுப் பேரில், தெற்கு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முனைவரான அஷிஷ் வாஸ்வானி இருந்தார். அதே இடத்தில் முதுநிலையோடு நிறுத்திக்கொண்ட நிகி பர்மாரும், இளநிலை படித்துக்கொண்டே பயிற்சிப் பணிக்கு வந்த எய்டன் கோமஸும் இருந்தனர். எட்டுப் பேரும் பின்னர் கூகுளை விட்டு வெளியேறினர், பெரும்பாலோர் புதுநிறுவனம் தொடங்க.

இன்னும் தீராதவை

1981இல் குறைவாக இருந்தது ஆள். கருவியும் குறைவுதான், ஆனால் ஒரு துறைக்குத் தேவையான கணினிகளை அரசு நிதியால் வாங்கிவிட முடிந்தது. இன்றைக்கு ஆள் குறைவில்லை. அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ 2,000 பேர் ஆண்டுதோறும் முனைவர்களாகிறார்கள். குறைவாக இருப்பது பெரும் மாதிரிகளைப் பயிற்றுவிக்கத் தேவையான கணிப்புத்திறனும் தரவும். அவை சில நிறுவனங்களில் குவிந்துள்ளன. அறிவியல் அறக்கட்டளை 2024 ஜனவரியில், பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குக் கணிப்புத்திறனைப் பகிரும் முன்னோடித் திட்டமொன்றைத் தொடங்கியது. சம்பளத்தால் இழுக்கப்பட்டவர்கள் பழைய தலைமுறை என்றால், செய்ய விரும்பும் ஆய்வையே வேறெங்கும் செய்ய முடியாததால் போகிறவர்கள் இப்போது கணிசம். இது உறுதியானால், 1980களின் மருந்து இந்த நோய்க்குப் போதாது. உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இன்னும் சேரவில்லை. துறை முழுவதையும் செயற்கை நுண்ணறிவை வைத்து எடைபோடுவதும் தவறாகலாம். நெறிமுறைக் கோட்பாட்டுக்கோ, நிரல்மொழி ஆய்வுக்கோ இவ்வளவு பெரிய இயந்திரங்கள் தேவையில்லை.

ஒரே நேரத்தில் பல்கலைக்கழகம், நிறுவனம் ஆகிய இரு இடங்களிலும் பணிபுரியும் ஏற்பாடு நல்ல சமரசம் என்று யான் லெகுன் போன்ற செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் வாதிட்டுவந்தனர். 2013 டிசம்பரில் ஃபேஸ்புக் ஆய்வகத்துக்குத் தலைமையேற்றபோது அவர் நியூயார்க் பல்கலைக்கழகப் பதவியையும் வைத்துக்கொண்டார். ஜெஃப்ரி ஹின்டனும் 2013 முதல் 2023 வரை கூகுளோடும் டொரான்டோவோடும் அப்படி இருந்தார். இவர்களளவு பெயர் பெற்றவர்களுக்கு இது இயலும். புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியரின் மாணவர்களுக்கு அந்த ஏற்பாடு நன்மையா இழப்பா என்பது சோதிக்கப்படவில்லை.

என் மதிப்பீட்டில், விதைநெல் வாதம் கற்பித்தலைப் பொறுத்தவரை நிற்கிறது, ஆய்வைப் பொறுத்தவரை பாதிதான் நிற்கிறது. சுழற்சி வாதம் 1980 முதல் 2015 வரையிலான காலத்துக்குச் சரியான விவரிப்பு. அதை இன்றைக்கும் நீட்டுபவர்கள், நிறுவனங்கள் இன்னும் எவ்வளவு வெளியிடுகின்றன என்று காட்டும் கடமையுள்ளவர்கள். ஐயவாதிகள் எண்களைப் பற்றிச் சொல்வது சரி, திசையைப் பற்றிச் சொல்வது போதாது. இவற்றில் எதையும் மேலும் உறுதியாக்க, பட்டம் பெற்ற மாதத்தில் எடுக்கும் கணக்கு உதவாது. 2015இல் நிக்கோலஸ் ஜோலாஸும் மற்றவர்களும் எட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுநிதிச் சம்பளப் பட்டியலை மக்கள்தொகைக் கணக்குத் துறையின் பதிவுகளோடு இணைத்து, முனைவர்கள் எந்த வகை நிறுவனங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்த்தனர். அந்த வழி திறந்திருக்கிறது. அதைக் கணினித் துறைக்கென்று விரித்து, முதுநிலை மாணவர்களையும் பாதியில் விட்டவர்களையும் சேர்த்துக்கொள்ளத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை.

அதுவரை, அமெரிக்கத் துறையொன்றுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் கேட்க வேண்டியது சென்ற ஆண்டு பட்டம் பெற்றவர்கள் எங்கே சேர்ந்தார்கள் என்பதை மட்டுமல்ல. பத்து ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த அணியில் எத்தனை பேர் முடித்தார்கள், முடித்தவர்களும் முடிக்காதவர்களும் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.